ஹார்விக் குழியில் எப்சிபா

எங்கள் இசைக்குழுவுக்குப் புதிதாகப் பாட வந்த எப்சிபா, இன்ஸ்டிட்யூட் ஹாலில் முதல் பாட்டுக்கு வாயைத் திறந்த அன்று ஒரு சத்தமும் வரவில்லை, மைக்கைத் தட்டிப் பார்த்தோம், ஒயரை மாற்றிப் பார்த்தோம், கிதார் வாசிக்கிற பிராங்க்ளின் ஆம்ப்ளிஃபயரைக் காலால் ஓர் உதை விட்டும் பார்த்தான், அவளோ கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டுதான் இருந்தாள், அரைமணி கழித்து மாட்டுக்காரர் முனிரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கி, ஹார்விக் குழிக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை பாடுகிறது, கறக்கிற நேரம், மாடு காலைத் தூக்குகிறது, கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் விஷயம் தெரிந்தது.

ஹாலிலிருந்து ஹார்விக் குழி இரண்டு மைல். தங்கம் எடுத்த காலத்தில் அதன் வழியாகத்தான் ஊரே கீழே இறங்கியது, ஊரே மேலே ஏறியது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழே தண்ணீர் நிறைந்துவிட்டது. மேலே ஒரு கம்பி வேலி, ஒரு எச்சரிக்கைப் பலகை, வேலிக்குள் மேயப் போகும் ஆடுகள்.

குழுவின் பெயர் சங்கு. ஷிப்ட் மாறும்போது சுரங்கத்தில் ஊதுகிற சங்கின் பெயர். முரட்டுத்தனமான கிதார், அதன் மேல் மெட்டு மாறாத பாட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்பவனையும் இரண்டாவது முறை வரும்போது கூடப் பாட வைக்கிற பல்லவி, இதுதான் எங்கள் வேலை. பாடியவன் வின்சென்ட். அவன் குரலில் இரண்டு கேசட் வந்து, இந்த ஊரில் பைபிள் இல்லாத வீட்டிலும் அவை இருந்தன. கல்தூசி நெஞ்சில் அடைத்து அவன் போய்ச் சேர்ந்தான். மூன்றாவது ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனான். வின்சென்ட் இல்லாத சங்கு எதுக்குடா என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்வி.

எப்சிபாவைக் கண்டுபிடித்தது காலை ரயிலில். எங்கள் ஊரில் விடியுமுன் பாதிப் பேர் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டிருப்பார்கள், ராத்திரி திரும்பி வருவார்கள், குழிக்குள் போய் வந்தது போலத்தான் இதுவும். அவள் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மூன்று மொழியில் போன் பேசுகிறவள், இருபத்தொன்பது வயது, அப்பா தையல்காரர், இறந்துவிட்டார், குழிப் பக்கமே போகாத குடும்பம். அம்மா ரெபேக்காளுக்குச் சர்க்கரையில் கண் போய் ஆறு வருஷம். மகள் என்றால் அவளுக்கு ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரல்தான் வீட்டில் சோறும் போட்டது.

நான் டிரம்ஸ். அதற்கு முன் முப்பத்தொரு வருஷம் ஹார்விக்கில் வைண்டிங் இஞ்சின் டிரைவர். கூண்டில் ஏறுகிற ஆட்களைக் கயிற்றில் இறக்குவதும் ஏற்றுவதும் என் கை. என் பெயர் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, வைண்டர் என்றால் தெரியும்.

குரல் குழியில் வருகிறது என்றால் குழிக்குப் போக வேண்டியதுதான். ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம், வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டினோம், மைக்கை நைலான் கயிற்றில் கட்டி நாற்பது அடி இறக்கினோம், வின்சென்டின் பத்துப் பாட்டையும் ஆல்பத்துக்குப் பதிய ஸ்டூடியோக்காரர் ஒருவரும் கூட வந்தார், எப்சிபா விளிம்பில் நின்று பாடினாள். அவள் உதடு முதலில் அசையும், பிறகு மூன்று நொடி ஒன்றும் இருக்காது, பிறகு அடியிலிருந்து அவள் குரல் ஏறி வரும், ஈரமாக, கொஞ்சம் குளிர்ந்து, ஆனால் சுத்தமாக. நாங்கள் உதட்டைப் பார்க்காமல் குரலைப் பார்த்து வாசிக்கப் பழகினோம். கடைசி வரியைப் பாடி முடித்து அவள் துப்பட்டாவால் முகம் துடைக்கும்போது எங்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கும்.

மூன்று நொடி என்றால் ஆயிரம் மீட்டர். எனக்கு அந்தக் கணக்கு தூக்கத்திலும் வரும்.

பெங்களூரிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து பார்த்தார். குழி முழுக்கத் தண்ணீர், அதனால் சத்தம் வர வாய்ப்பில்லை என்றார். "தண்ணியும் கீது, பாட்டும் கீது, நீ இன்னா பண்ணணும்ன்ற" என்று முனிரத்தினம் கேட்டார். எஞ்சினியர் டீ குடித்துவிட்டுப் போனார். ஊர் அதற்குள் தன் ஏற்பாட்டைச் செய்துகொண்டது, சனிக்கிழமை சனிக்கிழமை பாட்டு என்று ஆனதும் வேலி ஓரமாக வடைக் கடை வந்தது, இரண்டு சர்ச்சும் மாரியம்மன் கோயில் கமிட்டியும் உட்கார்ந்து பேசி ஆராதனையும் கூழ் ஊற்றுவதும் பாட்டு நேரத்தில் வராமல் பார்த்துக்கொண்டன, யூனியன் ஒரு தீர்மானம் போட்டது, என்ன தீர்மானம் என்று அவர்களுக்கே தெரியாது, பழக்கம், போட்டார்கள். வீட்டு நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, என்ன இருந்தாலும் வின்சென்ட் பிடிக்கிற உச்சி இவளுக்கு வரவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே திரும்பப் போனார்கள். பூமிக்கடியிலிருந்து பாடினாலும் இந்த ஊர் அதைத்தான் சொல்லும்.

நாலாவது பாட்டுக்கு ஐந்து நொடி ஆனது. நான்தான் முதலில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

குரல் பாட்டுக்குப் பாட்டு கீழே இறங்குகிறது என்று தெரிந்ததும் ஞானமணி நாற்காலியை விளிம்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். முப்பத்தைந்து வருஷம் முன்னால் ஹார்விக் அடிமட்டத்தில் பாறை வெடித்து அங்கேயே தங்கிப்போன பதினோரு பேரில் அவள் புருஷனும் ஒருவன். உடல்கள் வரவில்லை. வரும் என்று நாற்பது நாள் சொன்னார்கள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

"உனக்கு கீழ யாரும் இல்லியே" என்றாள் எப்சிபாவிடம். "உங்கொப்பன் ஊசியில நூல் கோத்துனு இருந்தவரு. உன் கொரலு எதுக்கு அங்க போவுது? எங்கள்து போனாலும் ஒரு ஞாயம் கீது."

"எனக்குத் தெரில அத்தை."

"தெரிலன்னு சொல்லாத. எத்தினி நொடியாம் அடிமட்டம்?"

என்னைத்தான் கேட்டாள். ஒன்பது என்றேன். ஞானமணி விரல் விட்டு எண்ணினாள். பத்தாவது பாட்டில் குரல் அடிமட்டத்தைத் தொடும். அன்று சாயங்காலத்துக்குள் மற்ற பத்து வீட்டுக்கும் செய்தி போய்விட்டது.

கூடவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பாடி முடித்ததும் எப்சிபாவின் பேச்சும் கீழேயே தங்கிவிடும். முதல் பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். நாலாவதுக்குப் பிறகு ஒரு நாள். ஏழாவதுக்குப் பிறகு ஐந்து நாள், அதில் மூன்றாம் நாளே கம்பெனியில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்றார்கள். வீட்டில் அவள் வாயசைத்தால் குரல் குழியில் வந்தது, கண் தெரியாத ரெபேக்காள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகளை எப்சி எப்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் கூடிப் பேசி அதற்கும் வழி கண்டது. பழைய மாதிரி மூன்று ஷிப்ட் போட்டார்கள். ஷிப்டுக்கு ஓர் ஆள் குழி விளிம்பில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், ரெபேக்காள் வீட்டில் இன்னொரு போன், இரண்டும் எப்போதும் பேச்சில் இருக்க வேண்டும். எப்சிபா அடுப்படியில் நின்று அம்மா உப்பு எங்கே என்பாள், அது பூமியின் வயிற்றிலிருந்து ஏறி, விளிம்பில் உட்கார்ந்திருக்கிறவன் கையிலுள்ள போனுக்குள் போய், ஏழு நொடி கழித்து ரெபேக்காளின் மடியில் வந்து விழும், அலமாரி மேல் தட்டு என்பாள் அவள். நன்றாகத்தான் ஓடியது. ஷிப்டில் இருந்தவர்களுக்கு அந்த வீட்டு ரகசியமெல்லாம் தெரிந்துபோனது. எப்சிபா ஜெபம் செய்வதை மட்டும் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். எத்தனை பேர் பொத்தினார்களோ.

இரக்கம் இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. அவ்வளவு இரக்கம் இருந்தது. ஆனால் பாட்டை நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஒன்பதாவது பாட்டுக்கு எட்டரை நொடி. அதன் பிறகு பதினெட்டு நாள் அவள் பேச்சு வரவில்லை. பத்தொன்பதாம் நாள் ரயில்வே கேட் பக்கம் என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு வந்தாள். பேசினாள். வாயிலிருந்தே வந்தது, நூல் மாதிரி.

"மாமா, ஒம்போதோட நிறுத்திக்கிறேன்."

"நிறுத்து."

"ஸ்டூடியோக்காரரு பத்து இருந்தாத்தான் ஆல்பம்ன்றாரு."

"அவன் கிடக்கிறான்."

"அவர விடுங்க. ஞானமணி அத்தைக்கு இன்னா சொல்றது? டெய்லி வூட்டாண்ட வந்து உக்காந்துனு போவுது. ஒண்ணும் கேக்கறதில்ல. மொளகாப்பொடி எட்தாந்து குடுக்குது. இன்னொரு தடவ போச்சுன்னா திரும்பி வராதுன்னு தோணுது மாமா. அம்மாக்கு நான்னா இதான். இது இல்லன்னா நான் யாரோ ஒரு கைதான்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன் அவங்ககிட்ட."

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"அதுவும் சரிதான்" என்றாள். சிரித்தாள் கூட. "சனிக்கிழம நானே வந்து நேருக்கு நேரா சொல்லிட்றேன்."

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பெங்களூர் போகிறவர்களும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். டிரம்ஸோடு ஒரு மணியும் வைத்திருந்தேன், இஞ்சினை அறுத்து லாரியில் ஏற்றிய அன்று இஞ்சின் ரூமிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. பத்தாவது பாட்டு மணியில் நாலு அடியோடு ஆரம்பிக்க வேண்டும் என்று வின்சென்ட் எழுதி வைத்திருந்தான். பாடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். பிராங்க்ளினுக்குத் தெரியாது, கிதாரை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். எப்சிபா வேலிக்குள் நுழைந்து ஞானமணியிடம் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். பதினோரு பெண்களும் குழி வாயில் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு டிபன் கேரியர் கையில், அந்தக் காலத்து அலுமினியக் கேரியர், ஒவ்வொன்றிலும் புருஷனின் டோக்கன் நம்பர் பொறித்தது, இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் எப்படி நிற்பார்களோ அப்படி, முதுகு என் பக்கம், முகம் குழியின் பக்கம். முப்பத்தொரு வருஷம் அந்த முதுகுகளைப் பார்த்தவன் நான். என் கை போய் மணியை அடித்தது. மூன்று அடி.

நாலாவது அடிக்கவில்லை. கை நின்றுவிட்டது.

சுரங்கத்தில் மூன்று அடி என்றால் ஆள் ஏறட்டும் என்று அர்த்தம். கீழே இருக்கிறவன் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும், அடித்தால் ஆட்கள் கூண்டுக்குள் ஏறிவிட்டார்கள், கதவு மூடியாயிற்று, இனி டிரைவர் தூக்க வேண்டியதுதான். தூக்கும்வரை உள்ளே ஒருவரும் பேச மாட்டார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இது தெரியும்.

ஒருவரும் அசையவில்லை. நான் எண்ணினேன். ஒன்பது போக, ஒன்பது வர. பதினெட்டாவது நொடியில் அடியிலிருந்து மணி கேட்டது. மூன்று அடி.

"எதிரொலிண்ணே" என்றான் பிராங்க்ளின். "குழிக்குள்ள எதிரொலிக்காதா?"

எதிரொலிக்கும். மூன்று அடித்தால் எதிரொலியும் மூன்றுதான் வரும். பதில் அடித்தாலும் மூன்றுதான் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த உலகத்தில் ஆளில்லை.

ஞானமணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏறிட்டாங்க வைண்டரு. தூக்கு."

"எத வெச்சித் தூக்குவேன்?"

"தூக்குய்யா."

இஞ்சின் ரூம் இருந்த இடத்தில் கருவேலம் முளைத்திருக்கிறது. கயிறு ஒன்பது லாரியில் போனது. பாறை வெடித்த அன்று காலை அந்தப் பதினோரு பேரையும் இறக்கியவன் நான், என் கையை விரித்துக் காட்டினேன், அதைத் தவிர என்னிடம் காட்ட எதுவும் இல்லை. ஒரு பெண் கேரியரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கூண்டுல நிக்கிறாங்களே, கூண்டுல நிக்கிறாங்களே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றவர்களும் என்னைப் பார்ப்பதை விட்டு எப்சிபாவைப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அடிமட்டத்துக்குப் போகக்கூடியது என்று எங்களிடம் இருந்தது அவள் குரல் ஒன்றுதான்.

எப்சிபா என் மணியைப் பார்த்தாள். பிறகு விளிம்புக்குப் போனாள். திரும்பி வந்த குரல், பேசினால் வாயிலேயே நின்றுவிடும், மெட்டில் பாடினால்தான் கீழே போகும். வின்சென்டின் பத்தாவது பாட்டு மெட்டை எடுத்துக்கொண்டாள், வரிகளை விட்டுவிட்டாள். உதடு அசைந்தது. எங்களுக்குக் கேட்பதற்கு ஒன்பது நொடி முன்னாலேயே அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"அண்ணா, எறங்கிக்குங்க. கூண்டு வராது. மேல இஞ்சின் இல்ல, கயிறு இல்ல. மணி தெரியாம அடிச்சது. கோச்சிக்காதீங்க. எறங்கி உக்காருங்க."

ஏறி வந்தது குரல். அதுவரை பிடிக்காத உச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தது, வின்சென்ட் பிடித்ததற்கும் மேலே. பிராங்க்ளினின் விரல் தானாக அதன் கீழே போய் நின்றது, நானும் குச்சியை எடுத்தேன், வேறு என்ன செய்யத் தெரியும் எங்களுக்கு.

அதோடு முடிந்திருந்தால் குரல் திரும்பி வந்திருக்குமோ என்னவோ. ஞானமணி அவள் தோளைத் தொட்டாள்.

"நான் நல்லாக் கீறேன்னு சொல்லும்மா. பெரியவன் வூடு கட்டிட்டான்னு சொல்லு."

பாடினாள். அடுத்தவள் வந்தாள். மகளுக்கு வேலூரில் கல்யாணம் ஆனதைச் சொல்லு. அடுத்தவள். வேறே கல்யாணம் பண்ணிக்கினேன்னு சொல்லு, இல்ல, அத்த சொல்லாத, ஒடம்பு நல்லா கீதுன்னு மட்டும் சொல்லு. வரிசை நகர்ந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை, ரேஷன் கடையில் கூட அவ்வளவு ஒழுங்காக நிற்க மாட்டார்கள். பதினோரு பெண்கள், பதினோரு செய்தி, ஒவ்வொன்றையும் அவள் பல்லவியில் வைத்துப் பாட, சொல்லச் சொன்னவள் கேரியரை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்று தன் செய்தி மேலே வரும்வரை காத்திருந்தாள். நான் எண்ணிக்கொண்டே அடித்தேன். ஒன்பது. ஒன்பது. ஐந்தாவது பெண்ணுக்குப் பத்து. ஏழாவதுக்குப் பதின்மூன்று. பதின்மூன்று நொடி ஆழத்தில் சுரங்கமே கிடையாது, யாரும் தோண்டவில்லை. சொல்ல வாயெடுத்தேன். வரிசையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். சொல்லவில்லை.

பதினோராவது பெண்ணின் செய்திக்கு இருபத்தாறு. அதை ஸ்டூடியோக்காரர் பத்தாவது பாட்டு என்று அப்படியே போட்டுவிட்டார், நொடிகளை வெட்டாமல். கேட்டவர்கள் நல்ல பாட்டு, நடுநடுவே இடைவெளி ஜாஸ்தி என்கிறார்கள்.

எல்லாரும் போன பிறகு எப்சிபா என் பக்கம் வந்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று பார்த்தேன், எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. புரியலம்மா என்றேன். திரும்பவும் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வது போல. பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த ஷிப்ட் ஆள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். விளிம்பில் உட்கார்ந்தேன். அறுபது வரை எண்ணினேன். இருநூறு வரை எண்ணினேன். வெயில் இறங்க ஆரம்பித்தது.

போனுக்குள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"யாரு, வைண்டரா?" என்றாள் ரெபேக்காள். "வந்துட்டா. பக்கத்துல உக்காந்து என் கையப் புட்சினு கீறா. இன்னா சொல்றா?"

"இன்னும் வரலம்மா."

போனைக் காதோடு இறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள். "போன வெச்சிடாத."